சம்மாழிக்கு ரெண்டு கொம்பு

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பத்தாவதில் தமிழில் பெயிலானவன் தமிழைப் பற்றி எழுத வந்தால் ஊர் சிரிக்கும். சிரித்தால் பரவாயில்லை, எவனாவது பாராட்டிவிட்டால் என் பொழைப்பு என்னாவது? ஆனால் இன்றைக்குப் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர் மேசை துடைக்கிற துணியைப் பார்த்தேன். மெரூன் நிறப் பனியன். அவர் அதை முறுக்கிப் பிழிந்தார். பஜ்ஜி எண்ணெய்க்கும் டீக்கறைக்கும் நடுவிலிருந்து ஒரு சொல் எட்டிப் பார்த்தது: சம்மாழி.

அகராதியைத் தேடாதீர்கள், அதில் இருக்காது. அந்தச் சொல் எங்கள் கம்பெனியில் பிறந்தது. 'செம்மொழி' என்று எழுதி அதிலுள்ள இரண்டு கொம்பையும் பிடுங்கிவிட்டால் மிச்சம் நிற்பது சம்மாழி. நீங்களே எழுதிப் பாருங்கள், பொய்யில்லை.

எங்களுடையது சின்னப் பனியன் கம்பெனி. கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங் எல்லாம் ஒரே தகரக் கூரைக்குக் கீழே. பிரேமில் வலை கட்டி, மருந்து தடவி, வெளிச்சம் காட்டி, பிரிண்டிங்குக்கு ஸ்கிரீன் எடுத்துக் கொடுப்பது என் வேலை. செக்கிங் மேசையில் என் நண்பன் இருந்தான். விளாத்திகுளம் பக்கத்துக்காரன். எம்.ஏ. தமிழ் படித்துவிட்டுப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தான். கம்பெனி முழுக்க அவனைப் புலவர் என்றுதான் கூப்பிடும். அந்தப் பெயரை வைத்தது நான்தான், வேறு யார்?

அந்த நேரத்தில் புலவருக்கு ஒரு யோகம் அடித்திருந்தது. செம்மொழியை ஆராயவும் காப்பாற்றவும் சர்க்கார் நடத்துகிற ஒரு அலுவலகத்தில் ஆய்வாளர் இடம் ஒன்றுக்கு எழுதிப் போட்டிருந்தான், நேர்காணலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பழைய ஓலைச்சுவடிகளைப் படித்துப் பதிப்பிக்கிற வேலை. அவன் அம்மா வேறொரு கம்பெனியில் கைமடி. தைக்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணியை மடித்து மடித்துக் கொடுக்கிற வேலை. எம் மவன் இனிமே பிசிறு வெட்ட மாட்டான், ஓலை படிக்கப் போறான் என்று அந்த அம்மா லைன் வீடு முழுக்கச் சொல்லி முடித்திருந்தது. அடுத்த வீட்டுக்காரர்கள் ஜோசியம் என்று நினைத்துக்கொண்டு கை ரேகையை நீட்டியதாக நான் ஒரு கதை கட்டிவிட்டேன். புலவர் அதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அதே அலுவலகத்திலிருந்துதான் எங்களுக்கு ஆர்டர் வந்தது. செம்மொழி விழா. வருகிற எல்லோருக்கும் டி-ஷர்ட். அவர்கள் அனுப்பிய மெயில் முழுக்க ஆங்கிலம். தமிழைக் காப்பாற்றுகிறவர்கள் அதைச் செலவழிக்க மாட்டார்கள்போல, பத்திரமாகப் பெட்டியில் வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நெஞ்சில் பெரிதாக 'செம்மொழி' என்று வெள்ளையில் வரவேண்டும், அதற்குக் கீழே ஆங்கிலத்தில் சின்னதாக ஒரு வரி.

சாம்பிளுக்கு ஒப்புதல் கொடுக்க ஒரு ஆபீசர் வந்தார். நல்ல மனுஷன்தான், கையோடு டேப் கொண்டுவருவார். முதல் சாம்பிளில் மெரூன் ஒரு சாயல் கூடிப்போனதென்று திருப்பினார். இரண்டாவதில் கழுத்து ரிப் தொளதொளவென்று இருந்ததாம். அதோடு ஆங்கில வரியில் ஒரு எழுத்து பெரிதாக வரவேண்டிய இடத்தில் சின்னதாக வந்திருந்தது. அதைக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு கண்டுபிடித்தார். என்ன கண், என்ன கூர்மை. மூன்றாவது சாம்பிள் அவருக்குப் பிடித்துப்போனது. உள்பக்கம் சீல் குத்திக் கையெழுத்துப் போட்டார்.

போகிற வழியில் செக்கிங் மேசைக்குப் பக்கம் நின்றார். மொதலாளி சும்மா இருக்காமல், இந்தத் தம்பியும் உங்க ஆபீசுக்குத்தான் எழுதிப் போட்டிருக்குதுங்க என்று புலவரைக் காட்டிவிட்டார். ஆபீசர் புலவர் தோளைத் தட்டி, நேர்காணலில் நானும் உட்காருவேன், பார்க்கலாம் தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு முழுக்கப் புலவர் அந்தத் தோளைச் சாய்க்காமலே நடந்தான். குடம் வைத்திருக்கிறவன்கூட அவ்வளவு நேராக நடக்க மாட்டான்.

பனியன் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. சீல் போட்ட சாம்பிள்தான் கடவுள். அதில் ஓட்டை இருந்தால் எல்லாப் பீஸிலும் அதே இடத்தில் ஓட்டை இருக்கவேண்டும். வெளிநாட்டுக்காரனோ உள்ளூர்க்காரனோ, சரியா தப்பா என்று யாரும் கேட்பதில்லை. சாம்பிள் மாதிரி இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

நாங்கள் சாம்பிள் மாதிரியே அடித்தோம். பிரிண்டிங் மாஸ்டர் ஒடிசாக்காரர். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, பேச மட்டும் எங்களைவிட மரியாதையாகப் பேசுவார். இங்கே வந்து டீக்கடையிலும் பஸ்ஸிலும் கற்றுக்கொண்ட தமிழ். எந்த அலுவலகமும் அவருக்குச் செலவு செய்யவில்லை, அதனால்தான் உருப்பட்டுவிட்டது. வெட்டிய முன்பாகங்களை வரிசையாக ஒட்டிவைத்து ஒரே இழுப்பில் அவர் அடிக்க அடிக்க, கட்டுக் கட்டாக அவை செக்கிங் மேசைக்குப் போயின.

கொஞ்ச நேரத்தில் புலவர் ஒரு துணியைத் தூக்கிக்கொண்டு வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"இதுல என்ன போட்டிருக்கு? வாசிலே."

நான் பார்த்தேன். செம்மொழி என்றேன். எழுத்துக்கூட்டி வாசி என்றான். அப்போதுதான் தெரிந்தது. டிசைன் போட்ட கம்ப்யூட்டரில் இருந்த எழுத்தில் கொம்பு மட்டும் இல்லாமல் இருந்திருக்கிறது. கொம்பு வரவேண்டிய இரண்டு இடமும், பல் விழுந்த வாய் மாதிரி, காலியாக நின்றன. பழகின கண் அந்த இடத்தில் கொம்பைத் தானே போட்டுக்கொண்டு போய்விடுகிறது. மூன்று சாம்பிளிலும் அப்படியேதான் இருந்திருக்கிறது. மெரூனில் சாயல் கண்டுபிடித்த கண்ணுக்கும், ஆங்கிலத்தில் சின்ன எழுத்தைப் பிடித்த கண்ணுக்கும் இது படவில்லை.

நான் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? பத்தாவதில் நான் விட்ட கொம்புகளுக்கெல்லாம் சிவப்பு மையில் சுழி போட்டு என்னைப் பெயிலாக்கினார்கள். விடைத்தாளில் முதலிலேயே ஒரு சீலைக் குத்தி வைத்திருந்தால் நானும் இந்நேரம் ஒரு ஆபீசராகியிருப்பேன்.

புலவர் மொதலாளியிடம் போனான். பின்னாலேயே நானும் போனேன், வேடிக்கை பார்க்க. மொதலாளி துணியைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"சம்மாழின்னா ஏதாச்சும் அர்த்தம் இருக்குதா கண்ணு?"

"சம்மந்திக்குத் தம்பி மொறையா இருக்குமுங்க" என்றேன் நான்.

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு ஆபீசருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டார். பணிவாகத்தான் சொன்னார்: ஏனுங்க, எழுத்துல ரெண்டு கொம்பு விட்டுப்போச்சுங்க, சேத்தி அடிச்சுப்போடலாமுங்களா என்று. அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஆபீசர், சாம்பிள் அப்ரூவ் ஆகிவிட்டது, மாற்றினால் புதிதாகக் கோப்பு போடவேண்டும், அது மேலே போய்த் திரும்பி வருவதற்குள் விழாவே முடிந்துவிடும் என்றார். மொதலாளி இன்னும் ஒருதரம் இழுத்தார். அப்போது அந்த மனுஷன் சொன்னதை என் சாவு வரைக்கும் மறக்க மாட்டேன்.

"விடுங்க சார். பனியன்ல இருக்கறத யார் படிக்கப் போறாங்க?"

போனை வைத்ததும் மொதலாளி எங்களைப் பார்த்தார். சாம்பிள் படியே போகட்டும் என்றார். புலவர் வெளியே வந்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றோம்.

ரெண்டு கொம்பை மட்டும் தனியாக ஒரு ஸ்கிரீனாக எடுக்க முடியுமா என்று கேட்டான். முடியும் என்றேன். காலி இடம்தான் அங்கேயே இருக்கிறதே, உட்காரவைத்தால் போதும்.

"ஆனா ஒண்ணு புலவரே, ஆபீசுச் சீட்டு வேணுமா கொம்பு வேணுமான்னு மொதல்ல யோசன பண்ணிக்க. ரெண்டும் கெடைக்காது."

"கொம்பு போட்டா சீட்டு போவும்னு எந்தச் சட்டத்துலலே இருக்கு?"

"அந்தாளு மூஞ்சீல இருக்குது."

அவன் தொட்டியில் கையைவிட்டு முகத்தைக் கழுவினான். அவன் போகப்போகிற வேலையைப் பற்றி அப்போதுதான் எனக்கு விளக்கமாகச் சொன்னான். பழைய ஓலையில் எழுதினவர்கள் பல இடத்தில் புள்ளி வைக்க மாட்டார்களாம். குறில் எது நெடில் எது என்று அடையாளமும் இருக்காதாம். படிக்கிறவன்தான் பொருளைப் பார்த்து, இது இந்த எழுத்து என்று முடிவு செய்து வைக்கவேண்டுமாம். அந்த வேலைக்குப் பெயர்தான் பதிப்பாம்.

"அங்க போயி ஓலையில இல்லாத புள்ளிய வைக்கணும். இங்க கண்ணு முன்னால இல்லாத கொம்ப வைக்கலைன்னா, அங்க போயி நான் என்னத்தப் புடுங்கப் போறேன்?"

"புடுங்கறதுக்கு அங்க ஆளு இருக்குது. கொம்பையே புடுங்கிப்போட்டாங்களே."

சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. சரி, இவன் முடிவு செய்துவிட்டான் என்று தெரிந்தது.

திரும்பவும் மொதலாளியிடம் போய் நின்றான். மொதலாளி ரொம்ப நேரம் கால்குலேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது. அவர் மகள் பள்ளியில் தமிழ்ப் பேச்சுப்போட்டிக்கெல்லாம் போகிற பிள்ளை, நாளைக்கு இதைப் பார்த்து அப்பா நீங்க அடிச்சதா என்று கேட்டால்? கடைசியில், ஞாயித்துக்கெழம நான் மச்சான் ஊட்டுக்கு ஒறம்பர போறேன் கண்ணு, கம்பெனியில என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் சம்மதத்தை இப்படித்தான் கொடுப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் கொம்பு ஸ்கிரீன் தயாராகிவிட்டது. அத்தனை பெரிய பிரேமில் இரண்டே இரண்டு சுருட்டல். மாஸ்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து என்னவென்று கேட்டார். மாட்டுக் கொம்பு என்றேன்.

"மாடு எங்கீங்கண்ணா?"

"செக்கிங்ல உக்காந்திருக்குது பாருங்க."

புலவர் திரும்பிப் பார்த்தான். காங்கேயம் காளை முறைக்கிற மாதிரியே இருந்தது. மாஸ்டர் சிரித்துக்கொண்டே அடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு துண்டிலும் சம்மாழி படுத்திருந்தது, கொம்பு விழுந்ததும் செம்மொழியாக எழுந்து நின்றது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கே கொஞ்சம் நன்றாக இருந்தது. உடனே ஒரு பீடி பற்றவைத்து அதைச் சரி செய்துகொண்டேன்.

தைத்து முடித்து மடித்து வைத்ததும் ஆபீசர் கடைசிச் சோதனைக்கு வந்தார். உறையிலிருந்து சீல் சாம்பிளை எடுத்து மேசையில் விரித்தார், பக்கத்தில் எங்கள் பீஸை விரித்தார். மார்பை அளந்தார், உயரத்தை அளந்தார், கையை அளந்தார். தையலை இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்த்தார். எல்லாம் சரி. பிறகு அவர் விரல் நெஞ்சுக்கு வந்து நின்றது.

"இது என்ன எக்ஸ்ட்ரா?"

மொதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். புலவர்தான் மேசையைச் சுற்றி முன்னால் வந்தான்.

"கொம்பு சார்."

"சாம்பிள்ல இல்லையே தம்பி."

"சாம்பிள்ல தப்பா இருந்துச்சு சார்."

"தப்பா இருந்தா நான் எப்படி சீல் வெச்சிருப்பேன்?"

இதற்குப் பதில் சொல்ல எந்தப் புலவனாலும் முடியாது. ஆனால் எங்கள் புலவர் சொல்லிப் பார்த்தான். சாம்பிளை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினான், பிறகு எங்கள் பீஸை வாசித்துக் காட்டினான். குரல் உயரவில்லை, மரியாதை குறையவில்லை. ஆபீசர் காதுவரைக்கும் சிவந்துபோனார். போனில் சொன்னபோது காதில் ஏறாதது அவருக்கு அப்போது புரிந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். புரிந்ததுதான் வினை. கொம்பு சரி என்று ஒத்துக்கொண்டால் அவர் போட்ட சீல் தப்பு. சீல் சரி என்றால் கொம்பு தப்பு. எது தப்பாக இருக்கவேண்டும் என்று அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நான் படிக்க வரவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க வந்திருக்கிறேன் என்றார். கொம்பை எடுத்தால்தான் சரக்கு எடுப்பேன் என்றார்.

எடுத்தோம். கறை போக்குகிற மருந்தைத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியில் ஊற்றி அடித்தால் பிரிண்டும் கரையும். மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு செம்மொழியாகச் சுட்டுச் சம்மாழியாக்கினோம். கொம்பு போட ஒரு பகல் ஆனது, பிடுங்க ரெண்டு பகல். புலவரும் உட்கார்ந்து சுட்டான். யார் தலையிலாவது கட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம், நகரவில்லை. முழுசாகப் போகவும் இல்லை. இருந்த இடத்தில் வெளிறிப்போய் ஒரு நிழல் நின்றது. ஆபீசர் வந்து அதையும் பார்த்தார். லேசாகத்தான் தெரியுது, டாலரன்ஸ்ல வரும் என்று சொல்லி எடுத்துக்கொண்டார். அளவில் அரை இஞ்ச் கூடக் குறைய இருந்தால் விடுவதற்குப் பெயர் டாலரன்ஸ். தமிழுக்கு அவ்வளவு இடம் கொடுத்தார்கள், அதற்கு நன்றி.

சரக்கை இறக்க வண்டியோடு போன நான் விழாவைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன், சாப்பாடு நன்றாக இருக்கும் என்று சொன்னார்கள். மண்டபம் முழுக்கச் சம்மாழி. மேடையில் சம்மாழி, வரவேற்பில் சம்மாழி, பந்தியில் சாம்பார் வாளியோடு சம்மாழி. பேசினவர்கள் எல்லோரும் தமிழின் தொன்மையைச் சொன்னார்கள், அதில் ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னார். சால்வை மேல் சால்வை. வயசான ஒருவர் மட்டும் எதிரில் இருந்தவர் நெஞ்சை உற்றுப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சாயம் போயிருச்சாட்ட இருக்குது என்று சொல்லிவிட்டுப் பாயசத்துக்குக் கையைக் காட்டினார். ஆபீசர் சொன்னது சரிதான், யாரும் படிக்கவில்லை.

அடுத்த வாரம் புலவர் நேர்காணலுக்குப் போனான். அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டை. நடந்ததைப் பிறகு பேக்கரியில் வைத்துச் சொன்னான். மற்றவர்கள் ஒன்றிரண்டு கேட்டார்களாம், பதில் சொன்னானாம். ஆபீசர் கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். சுவடியில் இல்லாத ஒன்றைப் பதிப்பில் சேர்ப்பது சரியா தம்பி என்று. புள்ளி வைக்காத ஓலைக்குப் புள்ளி வைப்பதுதான் பதிப்பு, அது சேர்ப்பது ஆகாது என்று புலவர் சொல்லியிருக்கிறான். ஆபீசர் பேனாவை மூடிவிட்டு,

"ஓலைக்குச் சீல் கிடையாது தம்பி. நமக்கு உண்டு" என்றாராம்.

அவ்வளவுதான். இடம் வேறு யாருக்கோ போனது. அவருக்குக் கொம்பு போடத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது, போட மாட்டார் என்பது மட்டும் நிச்சயம். புலவர் அம்மா லைன் வீட்டில் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், அந்த ஆபீசுல கூரை ஒழுகுதாம், எம் மவன் வேண்டாம்னுட்டான் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இந்தக் கதையை நான் கட்டவில்லை. திங்கட்கிழமை புலவர் செக்கிங் மேசையில் இருந்தான். நான் கிண்டல் பண்ணத்தான் போனேன். பக்கத்தில் போனதும் கத்தரியைக் கடன் கேட்டுவிட்டு வந்தேன். ஸ்கிரீன் எடுக்கிறவனுக்குக் கத்தரி எதற்கு என்று அவனும் கேட்கவில்லை.

கொம்பு ஸ்கிரீனை நான் கழுவவில்லை. வழக்கமாக ஆர்டர் முடிந்தால் மருந்தைக் கரைத்துவிட்டுப் பிரேமை அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்வோம். மொதலாளி இரண்டு தரம் கேட்டுவிட்டார். அது காங்கேயம் மாட்டுச் சந்தை ஆர்டருக்கு வேணுமுங்க என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதுவும் அங்கேயே சுவரில் மாட்டியிருக்கிறது.

பேக்கரியில் அந்தத் துணியைப் பார்த்த அன்றைக்கே உட்கார்ந்து இதை எழுதினேன். எழுதி முடித்து, பிழை பார்த்துக் கொடு என்று புலவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பிறகு பதில் வந்தது.

"கொம்பெல்லாம் சரியாத்தாம்லே போட்டிருக்க, உனக்கும் அந்த வேலை கெடைக்காது."